பனம்பழத்தில் பிறந்தது

பஹ்ரைனிலிருந்து கிளம்பும்போது
ஜாம் குப்பியில் அடைத்து
சாரத்துக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார் ததேயுஸ்.
விமான நிலையத்தில் மூடியைத் திறந்த அதிகாரி
மூக்கைப் பொத்திக்கொண்டு
குப்பைத்தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.
பதினோரு வருட அரபிநாட்டில்
அந்த ஒன்றுக்காகத்தான்
இந்த மனிதன் அழுது பார்த்தேன்.

ஆவணியில்
குறும்பனைச் சாலையில் எங்கள் வண்டிக்கு முன்னால்
தொப்பென்று விழுந்தது ஒரு பனம்பழம்.
"நிறுத்து" என்றார்.
ஓட்டிக்கொண்டிருந்தது நான்.
வெடித்த இடத்தில் ஈ மொய்த்தது.
ஈக்குத் தெரிந்தது
அவருக்கும் தெரிந்திருந்தது.

கோதுமை மாவு, கிணற்று வெள்ளம்,
ஒரு கரண்டி பனம்பழச் சாறு.
முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள் நனைந்த செருப்பின் நாற்றம்.
மூன்றாம் நாள் கொட்டிவிடத் தூக்கினேன்,
கையைப் பிடித்துக்கொண்டார்.
நாலாம் நாள் பரணி வாயில்
ஒரு குமிழ் மெல்ல எழும்பி
எங்களை ஒரு பார்வை பார்த்து
உடைந்தது.

அங்கே ஏசி அறையில்
எட்டு மணி நேரம் எடுத்துப் பொங்குமாம்.
குளச்சல் புழுக்கத்தில் மூன்றே மணி,
மூடியைத் தள்ளி மேசையில் இறங்கி
பில் புத்தகத்தைப் பாதி விழுங்கியிருந்தது.
சித்திரையில் ஈரச்சாக்கு சுற்றினோம்.
ஆனிச் சாரலில் போர்மா ஓரம் ஒதுக்கினோம்.
காலையும் மாலையும் தீனி.
குருத்தோலை ஞாயிறுக்கும் லீவு கிடையாது.
மாமியாரை அடக்கம் செய்துவிட்டு வந்து
கை கழுவியதும்
பரணியைத்தான் திறந்தேன்.
யாரும் தப்பாகச் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் திறந்திருப்பேன்.

முதலில் ஒருத்தரும் வாங்கவில்லை.
"கல்லுபோல இருக்கு."
"சீனி போட மறந்தாச்சா?"
"உள்ள எல்லாம் ஓட்டை, எலி கேறினதுபோல."

பிறகு யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள்,
ரொட்டிக்கடையில் கள் ஊறுகிறதென்று.
மதுவிலக்கு ஏட்டு தாணுலிங்கம்
பைக்கை நிறுத்துமுன்பே மோந்துவிட்டார்.
"கள்ளுதானே?"
"மாவு சார்."
"பொங்குதே."
"மாவு பொங்கும் சார்."
"நுரைக்கவும் செய்யுதே?"
"அதுக்கு உயிர் இருக்கு சார்."
அரைமணி நேரம் பேனாவைக் கடித்தபின் எழுதினார்:
பொருள், உயிருள்ள மாவு.
அளவு, இரண்டு லிட்டர்,
எழுதும்போதே கூடுகிறது.
போகும்போது ஒரு ரொட்டி வாங்கினார்.
காசு கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

விசைப்படகில் சமைக்கிற மிக்கேலடிமைதான்
கணக்குச் சரியாகப் போட்டவன்.
பாக்கெட் ரொட்டி ஐந்தாம் நாள் பச்சை பூக்கும்.
இதுவோ பத்தாம் நாளும்
தோடு இறுகிக் கிடக்கும், கெட்டுப்போகாது.
சாளைக்குழம்பில் முக்கிவைத்தால்
கோபம் ஆறின ஆள்போல
மெதுவாக விட்டுக்கொடுக்கும்.

போர்மாவிலிருந்து எடுத்த ரொட்டி
ஆறும்போது சடசடக்கும்.
ததேயுஸ் குனிந்து காது வைப்பார்.
நான் அந்த நேரம் பற்று எழுதுவேன்.
ஒரே ஒருநாள், கடை சாத்தியபின், வைத்தேன்.
காய்ந்த ஓலையில்
முதல் மழை விழுகிற சத்தம்.
அவரிடம் சொல்லவில்லை.

இந்தமுறை படகு கிளம்பும்போது மிக்கேலடிமை
ரொட்டி போதாது, தாயே வேணும் என்றான்.
ஊறுகாய் பரணியில் அரைப் பங்கு கொடுத்தோம்.
ஐஸ்பெட்டிப் பக்கம் வைக்காதே,
இஞ்சின் சூட்டில் வைக்காதே,
டீசல் கையால் தொடாதே,
ததேயுஸ் படகோடு சேர்ந்து நடந்து
தண்ணீர் இடுப்பளவு வரும்வரை சொன்னார்.

பதினெட்டாம் நாள்
லட்சத்தீவுக்கும் அப்பாலிருந்து
படகு படகாகத் தாவி
வயர்லெஸ்ஸில் கரகரத்து வந்து சேர்ந்தது செய்தி:
வலையில இன்னும் ஒண்ணும் ஏறல.
மாவு பொங்கியிருக்கு.

"எத்தற?" என்று கேட்கச் சொன்னார் ததேயுஸ்.
கேள்வி தாவிப் போய்
பதில் தாவி வர
முக்கால் மணி நேரம்.

ரெட்டி.